கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தூக்கினால் 20 குதிரை கூடுமா? (போலோ ஜிடி டிஎஸ்ஐ)

சோமனூர்_ஜிடி | கோவை | ஞாயிறு இரவு 10:42

வணக்கம் மக்களே. என்னிடம் இருப்பது 2016 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் இரண்டாவது ஓனர், வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. வண்டி மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஆசைதான் அடங்கவில்லை.

போன மாதம் நண்பர்களோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன இல்லையா, முன்னால் போன நண்பனின் புது வண்டியை ஒரு வளைவில்கூட என்னால் நெருங்க முடியவில்லை. அன்றைக்குப் பிடித்தது இந்த அரிப்பு.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு டியூனிங் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அந்த அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் தம்பி மூச்சை அடைக்குது. அதைத் தூக்கிட்டு நேர் பைப் போட்டா 20 குதிரை சும்மா வரும். ரீமேப் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கேட் என்று சுருக்கமாகச் சொல்வோமே, புகையின் நஞ்சைக் குறைக்கும் அந்த டப்பாவைத்தான் சொன்னார். ரீமேப் என்றால் என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது. செலவு எவ்வளவு என்று கேட்டேன். "பழைய பீஸை இங்கேயே விட்டுடு. பைப், வெல்டிங், லேபர் எதுக்கும் காசு வேண்டாம்" என்றார்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஆனாலும் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன். 20 குதிரை உண்மையா? செக் என்ஜின் லைட் வருமா? பியுசி (புகைப் பரிசோதனைச் சான்று) என்ன ஆகும்? தினமும் 30 கிலோமீட்டர்தான் ஓட்டம், பகலெல்லாம் அப்பாவின் தறி ஷெட் வாசலில் நிற்கும், மாதம் ஒரு தடவை மலை. இவ்வளவுதான் வண்டிக்கு வேலை.

பூஸ்ட்_பிரியன் | சேலம் | ஞாயிறு இரவு 10:51

யோசிக்காதே ப்ரோ, போடு. சவுண்டு சும்மா அதிரும்.

எஸ்டீம்காரன் | மதுரை | ஞாயிறு இரவு 11:30

தம்பி, 2008-இல் நான் செய்த கூத்தை எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

எஸ்டீம் வைத்திருந்தேன். வெள்ளை நிறம், பின்னால் பெரிய பைப், முன்னால் பெரிய ஸ்டிக்கர். அந்த வயசு அப்படி. சைலன்சர் வெல்டிங் கடை ஒன்றில் கேட்டை அறுத்துவிட்டு ஒன்றரை மடங்கு அகலத்தில் பைப் வைத்துக்கொண்டேன். முதல் நாள் சொர்க்கம். கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே நான்கு பேருக்கு போன் பண்ணி "வண்டி பறக்குதுடா" என்று சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒரு நண்பனின் கை படாத எஸ்டீமோடு காலி சாலையில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது கியரில் அவன் முன்னால் போய்விட்டான். கீழ் ஆர்பிஎம்மில் என் வண்டிக்கு இழுவையே இல்லை. மேலே போனால் கொஞ்சம் இருந்தது, ஆனால் மதுரை டவுனுக்குள் யார் 5,500-க்கு மேல் ஓட்டுகிறார்கள்?

அதுகூடப் பரவாயில்லை. வெல்டிங்கில் ஒரு இடத்தில் பொத்தல் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. திருச்செந்தூர் போய்விட்டு இரவில் ஏசி போட்டுக்கொண்டு வந்தோம். அருப்புக்கோட்டை வருவதற்குள் என் மனைவிக்குத் தலை பிளக்கிறது, பின் சீட்டில் பையன் இரண்டு முறை வாந்தி. கோவில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். கண்ணாடியை இறக்கிக் கால் மணி நேரம் போனதும் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் ஜாக்கி போட்டுப் பார்த்தால் பின் சீட்டுக்கு நேர் கீழே பைப்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

அறுத்துப் போட்ட கேட்டைத் தேடி அதே கடைக்குப் போனேன். "அதெல்லாம் அன்னிக்கே பழைய இரும்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள்.

சிங்காநல்லூர்_ஸ்பேனர் | கோவை | திங்கள் காலை 6:15

பழைய இரும்புக்கா? நல்ல கதை.

சோமனூர் தம்பி, 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருத்தன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாலே ஏன் என்று யோசிப்பேன். பைப், வெல்டிங், லேபர் எல்லாம் இலவசம் என்றால் உனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா? அந்த டப்பாவுக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மூன்றும் இருக்கின்றன. சில கிராம்தான், ஆனால் ரோடியம் 2021-இல் ஒரு அவுன்ஸ் 29,000 டாலர் வரைக்கும் போய் வந்த சரக்கு. இப்போது அந்த விலை இல்லை என்றாலும் தங்கத்தோடு பக்கத்தில் வைத்துப் பேசுகிற பொருள்தான். குஜராத்தில் ஈகோ வேன்களின் சைலன்சரை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போன கும்பல்களைப் பற்றிப் பேப்பரில் வந்ததே, அது இதற்காகத்தான். அந்தத் திருடனாவது ஜாக்கி தூக்கிக்கொண்டு ராத்திரியில் கஷ்டப்பட்டான். நீ பகலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியும் கொடுத்து, தேங்க்ஸும் சொல்லிவிட்டு வரப் பார்க்கிறாய்.

கழற்றிய பீஸின் மதிப்பு உன் லேபரைவிட எத்தனையோ மடங்கு. நாளைக்குத் திருப்பி மாட்ட வேண்டும் என்றால் புதுசு என்ன விலை என்று ஷோரூமில் ஒரு எஸ்டிமேட் மட்டும் கேட்டுப் பார். உட்கார்ந்துகொண்டு கேள்.

சோமனூர்_ஜிடி | திங்கள் காலை 9:20

ஐயோ. இது எனக்குத் தோன்றவே இல்லைங்கண்ணா. எஸ்டிமேட் கேட்டேன். நின்றுகொண்டுதான் கேட்டேன், உட்கார்ந்துவிட்டேன்.

சரி, பீஸை நானே பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன், கூலியையும் கொடுத்துவிடுகிறேன். அப்போதும் 20 குதிரை என்கிற கேள்வி அப்படியே இருக்கிறதே?

லாம்ப்டா_ஒன்று | சென்னை | திங்கள் இரவு 9:05

நான் என்ஜின் கேலிப்ரேஷன் வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டப்பாவைத் திறந்தால் தேன்கூடு மாதிரி ஒரு செராமிக் கட்டி இருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் 400 முதல் 600 துளைகள், நடுவே காகிதம் போன்ற சுவர்கள். அதன் மேல்தான் ஸ்பேனர் அண்ணன் சொன்ன மூன்று உலோகங்களும் பூசப்பட்டிருக்கின்றன. கார்பன் மோனாக்சைடையும் எரியாமல் வரும் பெட்ரோலையும் ஆக்சிஜனோடு சேர்த்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக மாற்றும். நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைத்து நைட்ரஜனாக விடும். சூடு 250, 300 டிகிரியைத் தொட்டால்தான் இதெல்லாம் நடக்கும். அதனால்தான் இந்த மாதிரி வண்டிகளில் அதை டர்போவின் வாயிலேயே ஒட்டி வைக்கிறார்கள். சூடேறிவிட்டால் வருகிற நஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்.

இது வழியில் நிற்பதால் தடை உண்டா? உண்டு. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா. ஆனால் 70, 80-களின் கேட்டுகள் வேறு, இன்றைய கேட்டுகள் வேறு. அமெரிக்காவில் 1975 மாடல்களில் இது பரவலாக வந்தபோது என்ஜின்கள் மூச்சு முட்டின. "கேட் என்றால் பவர் போச்சு" என்ற பேச்சு அந்தக் காலத்துச் சொத்து. நம்மூரில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் கேட்டைக் கொன்றுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அதோடு வந்தது. 2000 பிப்ரவரிக்குள் நாடு முழுக்க ஈயம் போய்விட்டது. அதாவது நாம் ஈயம் இல்லாத காற்றை மூச்சு விடுவதற்கு இந்த டப்பாவும் ஒரு காரணம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நீங்கள் த்ராட்டிலைத் திறப்பதில்லை. என்ஜின் கம்ப்யூட்டரான இசியுவிடம் "எனக்கு இவ்வளவு டார்க் (இழுவிசை) வேண்டும்" என்று மனுப் போடுகிறீர்கள். அது கணக்குப் பார்த்து, டர்போவின் வேஸ்ட்கேட்டை (புகையை டர்போவுக்குள் விடாமல் விலக்கி அனுப்பும் கதவு) தேவையான அளவு மூடி, கேட்டதைக் கொடுக்கிறது. உச்சம் 175 என்று மென்பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது கேட்டை எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறையும், டர்போ கொஞ்சம் சீக்கிரம் சுழலும். இசியு என்ன செய்யும்? வேஸ்ட்கேட்டை முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து, அதே 175-இல் கொண்டுவந்து நிறுத்திவிடும். பேசிய கூலிக்கு மேல் ஒரு பைசா தராத மேஸ்திரி அது. டர்போ மூச்சு வாங்கும் உச்ச ஆர்பிஎம்மில் மட்டும் கொஞ்சம் மிச்சமாகலாம். ரீமேப் செய்யாமல் வெறும் கேட்டை மட்டும் எடுத்தால் 20 என்பதற்கு வாய்ப்பே இல்லை.

ரீமேப் செய்தால்? அப்போது நிஜமாகவே கூடும். ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி கேட் இருக்கும்போதே கிடைத்துவிடும், ஏனென்றால் பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றுவது மென்பொருள். அதற்கு மேல் போகப் போனால் கேட்டைவிட முன்னால் மூன்று பேர் வந்து நிற்பார்கள். நம் பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வந்து தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். அந்தச் சின்ன டர்போவுக்கும் ஓர் எல்லை உண்டு. அப்புறம் உங்கள் உலர் கிளட்ச் கியர்பாக்ஸ், அது 250 நியூட்டன் மீட்டருக்காகச் செய்யப்பட்டது. டர்போ இல்லாத சாதாரண என்ஜின்களில் கதை இன்னும் சின்னது. இரண்டு மூன்று குதிரை வந்தாலே பெரிசு, ஓட்டுகிறவர் உடம்பு எடையைக் குறைத்தால் அதைவிட நன்றாக உணரலாம்.

எஸ்டீம் அண்ணன் வீட்டில் நடந்தது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கேட் இருந்த வண்டியில் அதே ஓட்டை கேட்டுக்குப் பின்னால் விழுந்திருந்தால், உள்ளே வந்திருக்கக்கூடிய அளவு மிகக் குறைவு. கண்ணாடியை இறக்கியது நல்லதாகப் போயிற்று.

எஸ்டீம்காரன் | திங்கள் இரவு 9:40

15 வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் இந்தப் பதிவைக் காட்டப் போவதில்லை.

கரி_லேப்_டைம் | கோவை | திங்கள் இரவு 10:12

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்களே, மறுபக்கமும் இருக்கட்டும். செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஓட்ட ஒரு வண்டி வைத்திருக்கிறேன். அதில் கேட் கிடையாது. ரீமேப், பெரிய இன்டேக், டவுன்பைப் எல்லாம் சேர்த்துச் செய்தது. கேட்டுக்கு மட்டும் என்ன பங்கு என்று பவர் அளக்கும் டைனோ மெஷினில் பிரித்துப் பார்த்தேன், அதே ரீமேப்பில் வீல் அளவில் ஆறு ஏழு குதிரை. அதைவிட முக்கியம் டர்போ எழும்பும் வேகம், வளைவிலிருந்து வெளியே வரும்போது தெரியும். டிராக்கில் 20 நிமிடம் விடாமல் மிதிக்கும்போது சூடும் கொஞ்சம் கட்டுக்குள் இருக்கும். ஆக, பலன் பூஜ்யம் என்று சொல்வது தவறு.

ஆனால் அந்த வண்டி டிரெயிலரில் போய் டிரெயிலரில் வருகிறது. வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போவது கேட் உள்ள வண்டியில். ஒரு தடவை சோம்பல்பட்டு டிராக் வண்டியை ரோட்டில் ஓட்டி வந்தேன். சிக்னலில் நிற்கும்போது என் கண்ணே எரிந்தது. சட்டையைத் துவைக்கப் போட்டபோது அம்மா, "என்னடா பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்துட்டியா" என்றார்.

200 செல் மெட்டல் கேட் என்று ஒன்று உண்டு, துளைகள் பெரியவை, தடை குறைவு, வேலையும் ஓரளவு செய்யும். ஆனால் நல்லது விலை அதிகம். மலிவாக வருவதில் பூச்சு இருக்கிறதா என்பதே சந்தேகம், ஆறு மாதத்தில் வெறும் சல்லடை.

பூஸ்ட்_பிரியன் | திங்கள் இரவு 10:20

ஆறு ஏழு வருதுல்ல! அப்புறம் என்ன? அதோட என்ஜினுக்கு பேக்பிரஷர் (பைப்பில் புகைக்கு எதிர் அழுத்தம்) வேணும்னு சொல்றதெல்லாம் சும்மா.

லாம்ப்டா_ஒன்று | திங்கள் இரவு 10:31

பேக்பிரஷர் வேண்டும் என்பது கட்டுக்கதை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எந்த என்ஜினுக்கும் அது தேவையில்லை. வேண்டியது புகையின் வேகம். பைப் அளவுக்கு மீறி அகலமானால் புகை சோம்பிப்போய், அடுத்த சிலிண்டரை உறிஞ்சி எடுக்கும் வேலை கெடும். எஸ்டீம் அண்ணன் இரண்டாவது கியரில் தோற்றது அதனால்தான். ஆனால் அந்த ஆறு ஏழு ரீமேப்புக்குப் பிறகு, டைனோவில், உச்சத்தில் வந்தது. சோமனூர் தம்பியிடம் ரீமேப்பே இல்லை.

நான்_மட்டும்_ஏன் | திருப்பூர் | செவ்வாய் காலை 8:02

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ரோட்டில் பஸ்ஸும் டிப்பரும் கரும்புகை கக்கிக்கொண்டு போகின்றன. யாரும் கேட்பதில்லை. ஒரு பையன் தன் காரில் ஒரு டப்பாவைக் கழற்றினால் உலகம் அழிந்துவிடுமா? எல்லா ஒழுக்கமும் நடுத்தர வர்க்கத்துக்கு மட்டும்தானா?

டூவீலர்_ஆள் | கோவை | செவ்வாய் காலை 8:15

காந்திபுரம் சிக்னலில் அந்தக் காருக்குப் பின்னால் என் பைக் நிற்கும். பெட்ரோல் டாங்க் மேல் என் பொண்ணு உட்கார்ந்திருப்பாள். சைலன்சர் அவள் முகத்துக்கு நேராக இருக்கும். டிப்பர் வந்தால் கரும்புகை தெரியும், தள்ளிப் போய்விடுவேன். இது தெரியாது.

நான்_மட்டும்_ஏன் | செவ்வாய் காலை 8:50

சரிங்க. அதற்குப் பதில் இல்லை. டிப்பர் மேல் உள்ள கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 11:00

பின் சென்சாரை ஏமாற்றுவது எப்படி என்று விளக்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கேட் பற்றித் தாராளமாக விவாதியுங்கள், அந்தச் செய்முறை மட்டும் இங்கே வேண்டாம்.

சோமனூர்_ஜிடி | செவ்வாய் மதியம் 1:10

நீக்குவதற்குள் படித்துவிட்டேன், ஆனால் ஒன்றும் புரியவில்லை. செக் என்ஜின் லைட் ஏன் வருகிறது என்று யாராவது எளிமையாகச் சொல்லுங்களேன்.

சிங்காநல்லூர்_ஸ்பேனர் | செவ்வாய் இரவு 8:45

கேட்டுக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது கலவையைப் பார்த்துச் சொல்லும், அதை வைத்துத்தான் இசியு பெட்ரோலைக் கூட்டும் குறைக்கும். பின்னால் இருப்பது வாட்ச்மேன். கேட் வேலை செய்தால் பின்னால் வருகிற புகை அமைதியாக இருக்கும், வாட்ச்மேனும் அமைதியாக இருப்பார். கேட் செத்தாலோ காணாமல் போனாலோ முன்னால் ஆடுகிற மாதிரியே பின்னாலும் ஆடும். இசியு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பி0420 என்று கோடு போட்டு விளக்கை ஏற்றும்.

சிலர் மென்பொருளில் அந்த வாட்ச்மேனையே வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். விளக்கு வராது, நிம்மதி என்று நினைப்பாய். நாளைக்கு வேறொருவன் அந்த வண்டியை வாங்கி, ஏன் பியுசியில் தேறவில்லை என்று தெரியாமல் என் பட்டறையில் வந்து நிற்பான். போன வருஷம் அப்படி மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ரிட்டயர்ட் வாத்தியார். பிஎஃப் பணத்தில் வாங்கிய கார்.

கறுப்புக்_கோட்டு | திருச்சி | செவ்வாய் இரவு 10:05

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலர் "ஃபைன் கட்டிக்கலாம்" என்ற நினைப்பில் இருக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காற்று, ஒலி மாசு அளவுகளை மீறி ஓட்டுகிறவருக்கு 190(2): 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு முதல் முறையே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் ரத்து. பணம் கட்டிவிடலாம், மூன்று மாதம் வண்டி எடுக்க முடியாமல் இருப்பதுதான் வலிக்கும்.

பியுசி: பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கேட் இல்லாமல் அதில் தேறுவது கஷ்டம். "எங்க ஏரியாவில் குழாயை உள்ளே விடாமலே சீட்டு தருவாங்க" என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். வண்டிக்கு 15 வயசாகி ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அந்தச் சீட்டு உதவாது. சோமனூர் தம்பிக்கு அது 2031.

வடமராட்சியான் | யாழ்ப்பாணம் | புதன் காலை 7:30

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எங்கட பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

இங்கே ஒவ்வொரு வருஷமும் வாகன வரிப்பத்திரம் எடுக்க முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். நான் பாவித்த ஜப்பான் ஹைப்ரிட் ஒன்று வாங்கினேன். நல்ல வெள்ளைக் கார், சத்தம் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. பரிசோதனைக்குக் கொண்டுபோனால் பெயில். கராஜில் கழற்றிப் பார்த்தால் கன்வெர்ட்டர் டப்பா வெளியே பத்திரமாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. தேன்கூட்டை எடுத்துவிட்டுத் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். வெறும் கோது. முன்னைய சொந்தக்காரருக்கே அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன், சேர்விஸுக்கு விட்ட இடத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அவர் பவருக்காகச் செய்யவில்லை, எனக்கும் பவர் ஒன்றும் கூடவில்லை. வேறொன்று வாங்கிப் போட்ட காசுக்கு ஒரு நல்ல மாட்டுச் சோடி வாங்கியிருக்கலாம்.

தம்பி, பீஸை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்கள். கொடுக்கிற டப்பாவுக்குள் தேன்கூடு இருக்கிறதா, வெறும் கோதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கோ.

சிங்காநல்லூர்_ஸ்பேனர் | புதன் காலை 7:55

யாழ்ப்பாணத்தார் சொன்னது நூற்றுக்கு நூறு. டார்ச் அடித்தால் மறுபக்கம் சின்னச் சின்ன சதுரமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

சோமனூர், இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடைக்காரர் "கேட்தான் மூச்சை அடைக்குது" என்று சொன்னாரே, எதை வைத்துச் சொன்னார்? அளந்தாரா? கேட் அடைப்பது உண்டு. மிஸ்ஃபயர் ஆகி (சிலிண்டரில் தீப்பிடிக்காமல்) எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் செராமிக் உருகும். என்ஜின் ஆயில் குடித்தால் பூச்சு மூடிக்கொள்ளும். அப்படி அடைத்தால்கூட நோய் என்ஜினில், கேட் வெறும் சாட்சி. அளக்க அரை மணி நேரம் போதும். வண்டி ஆறியிருக்கும்போது முன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. ஐட்லிங்கில் ஒன்றேகால் பிஎஸ்ஐக்குள், 2,500 ஆர்பிஎம்மில் மூன்றுக்குள் இருந்தால் கேட் மேல் குற்றம் இல்லை. சனிக்கிழமை வா. கேஜ் என்னிடம் இருக்கிறது. டீ நீ வாங்கு.

சோமனூர்_ஜிடி | புதன் காலை 9:00

வர்றேங்கண்ணா.

பூஸ்ட்_பிரியன் | சனி இரவு 9:15

என்ன ஆச்சு? பாப்கார்னோட உட்கார்ந்திருக்கேன்.

சோமனூர்_ஜிடி | ஞாயிறு காலை 10:20

போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஸ்பேனர் அண்ணன் முதலில் ஸ்கேனரைப் போட்டார், கோடு எதுவும் இல்லை. கேஜ் மாட்டினார். ஐட்லிங்கில் முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். 2,500-இல் அரை பிஎஸ்ஐ கூட வரவில்லை. கேட் நல்ல ஆரோக்கியம். சென்சாரைத் திருப்பி மாட்டிவிட்டு, ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே பைபாஸில் ஒரு ஓட்டு ஓட்டினோம். அதில் "கேட்ட பூஸ்ட்", "கிடைத்த பூஸ்ட்" என்று இரண்டு கோடுகள் வரும். மேல் ஆர்பிஎம்மில் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே 0.2 பார் இடைவெளி.

பட்டறைக்குத் திரும்பியதும் அண்ணன் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினார். உள்ளே இருந்தது ஃபில்டரா தலையணையா என்று சந்தேகம் வந்துவிட்டது. முழுக்கப் பஞ்சு. எங்கள் தறி ஷெட் வாசலில் மூன்று வருஷமாகப் பகலெல்லாம் நிற்கிற வண்டி. ஷெட் ஓடுகளில், மாமரத்தில், அப்பா தலையில் எல்லாம் பஞ்சு படிவதைத் தினமும் பார்க்கிறேன், வண்டிக்குள்ளும் போகும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ரேடியேட்டருக்கு முன்னாலும் மெத்தை மாதிரிப் படர்ந்திருந்தது. நான் வாங்கியதிலிருந்து ஃபில்டரே மாற்றவில்லை, ஆயில் மட்டும்தான். ஸ்பார்க் பிளக்கும் பழசு.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூக்குல பஞ்சை வெச்சுக்கிட்டு, பின்னாடி அடைச்சிருக்குன்னு டாக்டர்கிட்ட போயிருக்கிறே" என்றார். பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இங்கே எழுதியபோது மரியாதையாக விட்டுவிட்டேன், அவர் சொன்னது இன்னும் கொச்சை.

புது ஃபில்டர், நான்கு பிளக், ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து காற்றடித்துச் சுத்தம். மொத்தம் 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மறுபடி அதே பைபாஸ், இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று. 20 குதிரை கூடியதா என்று கேட்டால், இல்லை. தொலைந்துபோனதில் சில திரும்பி வந்திருக்கின்றன. மூன்றாவது கியரில் அந்த இழுவை, நான் இந்த வண்டியை வாங்கிய அன்றைக்கு இருந்த இழுவை. அதை மறந்தே போயிருந்தேன்.

லாம்ப்டா_ஒன்று | ஞாயிறு காலை 10:48

அருமை. டர்போ வண்டியில் இதுதான் சிக்கல். ஃபில்டர் மெதுவாக அடைக்கும்போது இசியு வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் மூடி ஈடுகட்டிக்கொண்டே வரும், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மலையேற்றத்தில் முழுசாக மிதிக்கும்போதுதான் கையிருப்பு தீர்ந்தது வெளியே வரும். மேலே போகப் போகக் காற்றும் மெல்லிசாகிறதே. உங்கள் வால்பாறைக் கதை அங்கேயே பதில் சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்டைப் பற்றியே ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன்.

கரி_லேப்_டைம் | ஞாயிறு மதியம் 12:05

பவர் ஆசை இன்னும் இருந்தால் கேட்டை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல டயர் போடுங்கள். வால்பாறை வளைவில் நண்பனைப் பிடிப்பது குதிரையால் அல்ல, பிடிமானத்தால். அப்புறம் ஒரு நாள் கரிக்கு வாங்க, அங்கே தாராளமாக மிதிக்கலாம். எதிரே பஸ் வராது.

பூஸ்ட்_பிரியன் | ஞாயிறு மதியம் 12:30

சவுண்டு போச்சே ப்ரோ...

நானும் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். எதுவும் கேட்காதீர்கள்.

எஸ்டீம்காரன் | ஞாயிறு மதியம் 12:41

உன்னுடையதில் என்ன இருந்தது? போட்டோ போடு.

பூஸ்ட்_பிரியன் | ஞாயிறு மதியம் 12:44

எலி.

சோமனூர்_ஜிடி | ஞாயிறு இரவு 8:10

டியூனிங் கடை அண்ணன் இன்றைக்கு இரண்டு தடவை போன் பண்ணினார். "எப்ப தம்பி வர்றே? பைப்பெல்லாம் ரெடி" என்றார். இப்போதைக்கு வேண்டாம்ணா என்றேன். "அப்ப லேபர் இலவசம், மேல 5,000 கையில தர்றேன்" என்றார்.

வண்டியை இனிமேல் தறி ஷெட் வாசலில் விடுவதில்லை. பக்கத்தில் பெரியப்பா வீட்டுக் கேட்டுக்குள் நிறுத்துகிறேன். இரும்புக் கேட், பூட்டுப் போட்டிருக்கிறேன்.